வண்டியோடு போன நம்பர்

“ஜூலை 11, வெள்ளி. மேற்கிலிருந்து கச்சான் காற்று, பலமாக. ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரத்தில் காக்காவின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. உள்ளே காற்றாடி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் இல்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். கல்லூரிக் காலத்திலிருந்து எழுதிவருகிறேன். எந்தப் பக்கமிருந்து காற்று, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, தெருவில் யார் பயணம் போனார்கள், யார் திரும்பினார்கள், இவைதான் அதில் இருக்கும். கோபதாபம் எதையும் அதில் எழுதுவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஜூலை 11-க்குப் பிறகு வந்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பழக்கத்தை நான் காப்பாற்றியிருப்பது தெரிகிறது. வெறும் தேதிகளும் வாசகங்களும்தான். விட்டுப்போன கோபத்தை இங்கே எழுதுகிறேன்.

காக்கா என் மூத்த அண்ணன். எனக்கும் அவருக்கும் ஆறு வயது வித்தியாசம். கீழக்கரையிலிருந்து சவூதியில் தம்மாமுக்குப் போய் இருபத்திரண்டு வருடம் டிரைலர் ஓட்டினார். இரும்புக் குழாய், சிமெண்ட், சில சமயம் ஒட்டகத் தீவனம். ரியாத் ரோட்டில் எந்த இடத்தில் மணல் ஏறிக் கிடக்கும், எந்த பெட்ரோல் பங்கில் டீ நன்றாக இருக்கும் என்று கேட்டால் இன்றும் சொல்வார். காலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை இருப்பது தெரியாமல் அதோடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு அனுப்பினார்கள். மதுரையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால்.

தம்மாமில் அறையில் இருந்தபோதே அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை விளையாடுவார். லோடு ஏற்றி, ஊர் ஊராகப் போய் இறக்கி, சம்பாதித்து, சொந்த வண்டி வாங்கி, பிறகு கம்பெனி வைத்து ஆட்களை வேலைக்கு எடுக்கலாம். வாரம் முழுக்க லாரி ஓட்டுகிறவர் லீவு நாளிலும் லாரியா ஓட்டுவார் என்று போனில் ஒருமுறை கிண்டல் செய்தேன். “இங்கன கம்பெனி என்னோடது தம்பி. அதான் வித்தியாசம்” என்றார்.

கால் போன பிறகு அந்த விளையாட்டு அவருக்கு வேறு ஒன்றாக ஆனது. கம்ப்யூட்டரோடு ஒரு ஸ்டீயரிங்கும் வந்திருந்தது. மிதிக்க வேண்டியதைக் கையால் இழுக்கும்படி மாற்றிக்கொண்டார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை ஓட்டுவார். இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டார். சிவப்பு விளக்குக்கு நிற்பார். யாராவது பார்க்க வந்தால் மச்சி, அதாவது அவர் மனைவி, வாசலிலேயே சொல்லிவிடுவார்: “டூட்டிக்குப் போயிருக்காக. பத்து மணிக்கு மேல வாங்க.” கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பத்து மணிக்கு மேல் வரத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நான்கு மாதம் அவர் எப்படி இருந்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கப்பல் சரக்கில் வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். அதனால் ஜூலை 11 அன்று திரை இருண்டபோது மச்சியின் முகமும் இருண்டதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மறுநாள் மண்டபம் இலங்கை அகதி முகாமிலிருந்து ரிப்பேர்க்காரரை வரவழைத்தேன். முகாமில் பிறந்து வளர்ந்தவர். உச்சிப்புளியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பலகையை டார்ச் அடித்துக் காட்டினார். பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்தது. ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றில் கொண்டிக் கம்பியே மூன்று வருடத்தில் உதிரும்.

“உப்பு திண்டுட்டுது அண்ணே” என்றார். “புதுசுதான் வாங்கவேணும்.”

புதுசு வாங்கினோம். ஜூலை 14, திங்கள். டிஸ்க் போடுகிற இடம் இல்லாத பெட்டி. இப்போது எதிலும் அது இல்லையாம். விளையாட்டை இனி யாரும் டிஸ்க்கில் விற்பதில்லை, எல்லாம் இணையக் கடையில்தான் என்று ரிப்பேர்க்காரர் சொன்னார். எனக்கு அது தெரியும். காக்கா தம்மாமில் தெருவோரத்து நகல் டிஸ்க்கில் விளையாடிக்கொண்டிருந்தபோது அதை நிறுத்தச் சொன்னவனே நான்தான். திருட்டு நகல் வேண்டாம், முறையாக அந்த இணையக் கடையில் கணக்கு தொடங்கி வாங்குங்கள், வாங்கியது என்றைக்கும் உங்களுடையதாக இருக்கும், கம்ப்யூட்டர் போனாலும் போகாது என்று ஒரு மெயில் எழுதியிருந்தேன். அந்த மெயிலின் நகல் என்னிடம் இருக்கிறது. எழுதியதில் ஒரு வரியும் மாற்ற முடியாது.

காக்கா கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொன்னார். நான் அடித்தேன். சரியாக இருந்தது. ஆனால் உள்ளே விடவில்லை. இது புது கம்ப்யூட்டர், புது நாடு, எனவே உங்கள் கைபேசிக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள் என்று வந்தது. கைபேசியின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டியது. சவூதி நம்பர். பழைய பெட்டி தம்மாமில் ஒருமுறை உள்ளே நுழைந்தபடியே இருந்ததால் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

“அது வண்டி நம்பருல்ல” என்றார் காக்கா.

அரபு நாட்டுக்குப் பயணம் போகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அவருடைய கம்பெனியில் ஒவ்வொரு டிரைலருக்கும் ஒரு சிம் உண்டு. கம்பெனி பெயரில் எடுத்தது. அது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. டிரைவர் ஊருக்குப் போனால் சாவி, ரோட்டுப் பேப்பர், டூல்பாக்ஸ், போன் எல்லாவற்றையும் அடுத்து ஏறுகிறவர் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். லோடு ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தமாக இன்னொரு சிம் வைத்தால் வீண் செலவு என்று பெரும்பாலானவர்கள் எல்லாவற்றுக்கும் வண்டி நம்பரையே கொடுத்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில், ஆஸ்பத்திரிச் சீட்டில், பார்பர் ஷாப்பில். காக்கா அந்த இணையக் கடையிலும் அதையே கொடுத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் அந்த ஊரில் இருந்த மனிதருக்குத் தன் பெயரில் ஒரு நம்பர் இல்லாமல் இருந்தது. அவர் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

“நம்பர் வண்டியிலதான் கெடக்கும். போன் போட்டு எவன் ஓட்றானோ அவன்ட்ட கேளு” என்றார் முதல் நாளே.

நான் கேட்கவில்லை. முறையான வாசல் ஒன்று இருக்கும்போது யாரோ ஒருவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கடையின் உதவிப் பக்கத்துக்குப் போய்ப் புகார் எழுதினேன். எப்போது கணக்கு தொடங்கியது, எந்த மாதம் எந்த விளையாட்டு வாங்கியது, எப்போது கால் எடுத்தார்கள், எப்போது பெட்டி வந்து சேர்ந்தது என்று என் நாட்குறிப்பைப் பார்த்துத் தேதிவாரியாக எழுதினேன். இரண்டு பக்கம். இவ்வளவு தெளிவான விண்ணப்பத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. நான்கு நிமிடத்தில் என் இரண்டு பக்கத்தை யாரும் வாசித்திருக்க முடியாது. வணக்கம், உங்கள் பொறுமைக்கு நன்றி, பணம் செலுத்திய அட்டையின் விவரம் அனுப்பவும் என்றிருந்தது.

அட்டை கிடையாது. காக்கா அறைக்குக் கீழே இருந்த பக்காலாவில், மளிகைக் கடையில், சுரண்டி நம்பர் பார்க்கிற கார்டு வாங்கி அதை வைத்து வாங்கியவர். சுரண்டியதும் கார்டைக் குப்பையில் போட்டுவிடுவார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதையும் எழுதினேன். அடுத்த பதில் வேறு ஒருவர் பெயரில் வந்தது, முதலில் வந்த அதே வாக்கியங்களோடு. கணக்கு தொடங்கிய நாட்டின் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு படம் அனுப்பச் சொன்னது. அங்கே தங்குவதற்கான இகாமா அட்டையை ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஆதாரை அனுப்பினேன். நாடு பொருந்தவில்லை என்று பதில்.

ரிப்பேர்க்காரர் அன்று ஸ்டீயரிங்கைப் பொருத்த வந்திருந்தார். வாசித்துக் காட்டினேன்.

“உங்களுக்காவது காட்ட ஒரு நாட்டுக் கார்டு இருக்கு” என்றார், ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல். “என்ட முகாம் கார்டைப் பாத்தா அவங்களுக்கு அது பஸ் பாஸா ரேசன் கார்டா எண்டே விளங்காது.”

மச்சி சிரித்துவிட்டார். காக்காவும் சிரித்தார். என்னால் முடியவில்லை. பதினொரு நாள் போயிருந்தது. ஸ்டீயரிங் மேசையில் இருந்தது, அதைச் சும்மா திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். மீண்டும் மதியம் வரை படுக்கத் தொடங்கியிருந்தார். பத்து மணிக்கு மேல் வரப் பழகிய ஒருவர் ஒன்பது மணிக்கு வந்தபோது வாசலில் அவரிடம் “வாங்க, இருக்காக” என்று மச்சி சொன்னது என் காதில் விழுந்தது.

ஜூலை 22, செவ்வாய். நம்பரைக் கூப்பிட்டோம். முதல் அழைப்பிலேயே எடுத்தார்கள்.

பீகார்க்காரர். அந்த வண்டியில்தான் இருந்தார். காக்கா இந்தியில் பேசினார், எனக்கு இந்தி வராது, நடுநடுவே எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தான் அந்த வண்டியை ஏழு வருடம் ஓட்டியதைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மாறியது. மூன்றாவது கியர் இன்னும் முரண்டு பிடிக்கிறதா என்று காக்கா கேட்டார். பிடிக்கிறதாம். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கஃபா ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார். பாதி இருக்கிறதாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. எண்ணைக் கேளுங்கள் என்றேன்.

நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் பத்து நிமிடக் கெடு குறையத் தொடங்கியது. அந்தப் பக்கம் மெசேஜ் வந்த ஒலி எங்களுக்கே கேட்டது.

உடனே காக்காவின் முகம் மாறியது. “வண்டி ஓடுதா நிக்கிதா?” என்று கேட்டார். ஓடுகிறதாம், பரவாயில்லையாம், பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் அவர்.

“பாக்கக்கூடாது” என்றார் காக்கா. முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு இந்தியில் சொன்னார். “ஓட்டும்போது போனப் பாக்காதே. நிறுத்திட்டுப் பாரு.”

நான் திரையைக் காட்டினேன். ஒன்பது நிமிடம். அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார் காக்கா. அவர் சொன்ன அடையாளத்தை வைத்து, இன்னும் இரண்டு பங்க் தாண்டி வலப்பக்கம் ஒதுக்குவதற்கு இடம் இருக்கிறது, அதற்கு முன் எங்கேயும் நிறுத்தாதே, பின்னால் வருகிறவன் ஏறிவிடுவான் என்றார். காக்கா மணல் ஏறிய அந்த ரோட்டைக் கண்முன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைலர் அந்த இடத்துக்குப் போய்ச் சேரப் பதின்மூன்று நிமிடம் ஆனது.

எண் காலாவதியாகிவிட்டது. புதியது கேட்டேன். இப்போது வண்டி நின்றிருந்தது. அவர் வாசித்தார், காக்கா சொன்னார், நான் அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. அவர் மேலே இருந்த மெசேஜைப் பார்த்து வாசித்திருக்கிறார், புதியது அதற்குக் கீழே இருந்திருக்கிறது. அது தெரிந்து சரியான எண்ணை அடித்தபோது, முயற்சிகள் அதிகமாகிவிட்டன, உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கணக்கு ஏழு நாள் மூடப்படுகிறது என்று வந்தது.

உங்கள் பாதுகாப்புக்காக. ஓடுகிற லாரியில் போனைப் பார்க்காதே என்று சொன்ன மனிதரிடம் அதைச் சொன்னார்கள்.

நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று நினைவில்லை. நாட்குறிப்பில் “மாலை 4.40, கணக்கு மூடப்பட்டது” என்று மட்டும் இருக்கிறது. காக்கா போனில் அந்த டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், லோடு தாமதமாகியிருக்குமே என்று.

அந்த ஏழு நாளில்தான் அந்தக் கடையின் ஒப்பந்தத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். காக்கா அதை ஒப்புக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார், நானும் எத்தனையோ முறை அப்படி அடித்திருக்கிறேன். பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் வாங்குவது என்று எதுவும் இல்லை. பயன்படுத்த அனுமதி, அவ்வளவுதான். அந்த அனுமதியை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வேறொருவருக்குக் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது, ஆள் இறந்தால் அதுவும் அவரோடு போகும். நான் வருடக்கணக்காகச் செய்திகளில் வாசித்து, வியந்து, காக்காவுக்கு மெயில் எழுதிய அந்த எதிர்காலம் இதுதான். டிஸ்க் ஒழிந்தது. டிஸ்க் போடுகிற வாயையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிப் பெட்டியே தேவைப்படாது என்கிறார்கள். விளையாட்டு எங்கோ ஒரு குளிர்ந்த கட்டடத்தில் ஓடுமாம், படம் மட்டும் நம் வீட்டுக்கு வருமாம், மாத வாடகை கட்டினால் போதுமாம். ரிப்பேர்க்காரரிடம் இதைச் சொன்னபோது, அப்படியெண்டால் உப்புக்காற்றால் வரும் என் பிழைப்பும் போகும் என்றார்.

காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“பாஸ்போர்ட்ட முதலாளி பெட்டியில வச்சிட்டு இருபத்திரண்டு வருசம் இருந்தவன் நான்” என்றார். “இது எனக்குப் புதுசா?”

அந்தப் பேச்சில் இருந்த அமைதி என் கோபத்தை இன்னும் கூட்டியது. அங்கே அவருக்கு வேறு வழி இல்லை. இங்கே வழி காட்டியது நான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி. பூட்டு திறந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் இணைப்பிலிருந்து வரும் எந்த முயற்சியையும் ஏற்பதில்லை என்று இப்போது ஒரு புதிய வாசகம். பீகார்க்காரருக்கு அன்று லீவு, அறையில் இருந்தார், அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு யோசனை சொன்னார். அறையில் கூட இருக்கிறவரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த நாட்டிலிருந்து, அந்த நம்பரோடு போனால் உள்ளே விடுவார்கள். பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், நானே உள்ளே போய் உங்கள் ஊர் நம்பரை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

காக்கா சொல்ல வாயெடுத்தார். நான் போனை வாங்கி மூடிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கடையிலிருந்து வந்த ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு வரி உண்டு. பாஸ்வேர்டை யாரிடமும், எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள் என்று. முகம் தெரியாத ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது, அவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்றேன்.

“ஏலே, முகம் தெரியாதவன் கையிலதான் வண்டியவே குடுத்துட்டு வந்தேன். சாவி, பேப்பரு, முப்பது டன் குழாயி. அவன் எடுத்துக்கிட்டானா?”

“அது கம்பெனி வண்டி காக்கா.”

“இது மட்டும் யாரு வண்டி? நீதான வாசிச்சுக் காமிச்ச.”

இருந்தும் விடவில்லை. ஒரு வாரம் கொடுங்கள், இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன், முறையாகச் செய்வோம் என்றேன். காக்கா என்னைப் பார்த்தார், பிறகு போனை வாங்கி அடுத்த வெள்ளிக்கிழமை பேசலாம் என்று அந்த மனிதரிடம் சொல்லி வைத்தார். வீட்டில் படித்தவன் நான்தான் என்று வாப்பா காலத்திலிருந்து ஒரு மரியாதை. அதனால் கேட்டார். எனக்கு இன்று அந்தக் கடைமேல் இருக்கும் கோபத்தில் பாதி இந்த இடத்தில் இருக்கிறது. எங்களை வெளியே தள்ளிப் பூட்டியவர்களின் விதியை எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அவர்களுக்காக நான் காவல் காத்தேன்.

எழுதினேன். இந்த முறை பதில் வர ஆறு நாள் ஆனது. தனியுரிமை காரணமாக இந்தக் கணக்கைப் பற்றி உங்களிடம் எதுவும் பேச இயலாது, இந்தப் புகார் முடிக்கப்படுகிறது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. நம்பரைக் கூப்பிட்டோம். அணைக்கப்பட்டிருப்பதாக அரபியில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுநாளும் அதே. அந்த வாரம் முழுக்க அதே. வண்டியை விற்றார்களா, கம்பெனி சிம்களை மாற்றியதா, அந்த மனிதருக்கு ஏதாவது ஆனதா, தெரியாது. காக்கா தன்னோடு இருந்த பழைய ஆள் ஒருவரைப் பிடித்து விசாரித்தார். கம்பெனி கைமாறிவிட்டது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. காக்காவுக்குக் கணக்கைவிட அந்த மனிதர் நன்றாக இருக்கிறாரா என்பதுதான் கவலை. அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 20, புதன். ரிப்பேர்க்காரர் சொல்லாமல் வந்து ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார். அதே விளையாட்டு, பூட்டு உடைத்தது. கணக்கு வேண்டாம், கைபேசி வேண்டாம், இணையமே வேண்டாம். ஏற்றட்டுமா என்று காக்காவைக் கேட்காமல் என்னைக் கேட்டார். என் உபதேசங்கள் அவருக்கும் தெரியும். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அதுதான் என் சம்மதம். முறையாக வாங்கியது பூட்டிக் கிடக்கிறது, திருட்டு நகல் ஜன்னலோரத்தில் ஓடுகிறது. இப்படி ஒரு நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர்கள் திருட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் பழையது எதுவும் அதில் இல்லை. அவருடைய கம்பெனி இல்லை, தம்மாம் அறையில் கூட இருந்தவர்களின் பெயரை வைத்து அவர் வேலைக்கு எடுத்த டிரைவர்கள் இல்லை, ஐந்து வருடமாக ஓட்டிய தூரம் இல்லை. முதலில் வருவது ஒரு சின்ன வண்டி, அடுத்தவன் கம்பெனியில் கூலிக்கு ஓட்ட வேண்டும்.

“புது விசா” என்றார் காக்கா. சாவியைத் திருப்பினார்.

மறுநாள் காலை வாசலில் மச்சியின் குரல் கேட்டது. பத்து மணிக்கு மேல வாங்க.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கடையில் யாருடைய கணக்கின் முகப்பையும் வெளியிலிருந்து பார்க்கலாம். எந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் விளையாடினார், கடைசியாக என்று என்பதெல்லாம் அதில் தெரியும். காக்காவின் முகப்பை நான் வெள்ளிக்கிழமை தோறும் பார்த்துக் குறித்துவைத்தேன். உள்ளே போக முடியாத வீட்டை வெளியே நின்று பார்ப்பது போல ஒரு வழக்கம். 3,412 மணி. கடைசியாக விளையாடியது ஜூலை 11. ஒவ்வொரு வாரமும் அதே எண்ணை எழுதினேன்.

அக்டோபர் 3, வெள்ளி. 3,415 மணி. கடைசியாக விளையாடியது செப்டம்பர் 26.

இரண்டு முறை பார்த்தேன். மச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு காக்காவிடம் போனேன். அவர் மழையில் ஒரு மேட்டுச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஒங்க கணக்குல யாரோ மூணு மணி நேரம் ஓட்டியிருக்காக. அந்த ஆளுக்குப் பாஸ்வேர்டக் குடுத்தியளா?”

அவர் இண்டிகேட்டரைப் போட்டார்.

“காக்கா, ஒங்களத்தான் கேக்குறேன். ஆகஸ்டு மொத வெள்ளி, நான் வெளிய போனப்பறம் அவர்ட்ட பேசுனியளா?”

“சிக்னல் விழுந்திருச்சு” என்றார். “இரு.”

நின்றார். பச்சை விழுந்ததும் எடுத்தார். அடுத்த சிக்னலிலும் அதையே சொன்னார். நான் மூன்று சிக்னல் வரை நின்றேன். மூணு மணி நேரமா, எந்த ரோட்ல ஓட்டினானாம் என்று அவர் கேட்டார். அது முகப்பில் தெரியாது என்றேன். தலையை ஆட்டினார்.

அந்தக் கடைக்கு மறுபடியும் எழுதினேன். புகார் ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது என்று நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. தம்மாம் நம்பர் இன்றும் அணைந்தே இருக்கிறது. கணக்கு பறிபோயிருக்கலாம், கடைக்காரர்களே திறந்து பார்த்திருக்கலாம், எண்ணிக்கையில் பிழை இருக்கலாம், காக்காவின் வண்டியை ஓட்டிய அதே மனிதர் இதையும் ஓட்டியிருக்கலாம். செப்டம்பர் 26 அன்று அந்த மூன்று மணி நேரம் ஓட்டியவர் யார் என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. நாட்குறிப்பில் அந்த வரிக்கு எதிரே ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.